எரிமலைவாயும் எரிமலைக் கொப்பரையும்: வெடிப்புக் குழிவுகளும் இடிவுக் குழிவுகளும் உருவாகும் முறை

ஆய்வுச் சுருக்கம்

எரிமலைகளின் உச்சியிலும் சரிவிலும் காணப்படும் குழிவுகள் யாவும் ஒரே வகையின அல்ல. பாறைக்குழம்பும் வாயுவும் வெளியேறும் பாதையின் முகப்பாக அமைவது எரிமலைவாய். நிலத்தடித் தேக்கம் வெறுமையாகி, அதன் கூரை தாங்கலின்றி இறங்குவதால் அமைவது எரிமலைக் கொப்பரை. தமிழில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே சொல்லால் வழங்கப்படுவதால் உருவாக்க முறையின் வேறுபாடு மறைந்துபோகிறது. கிராக்கட்டோவா, கட்மாய், கிலாவெயா, தோபா முதலிய எடுத்துக்காட்டுகளின் துணையுடன் இவ்வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது. கூரை இடிவின் இயக்கமும் அதற்குச் சான்றாக நிற்கும் கள உண்மைகளும் முதன்மையாக ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: எரிமலைவாய், எரிமலைக் கொப்பரை, இடிகுழி, வளையப் பிளவு, பாறைக்குழம்புத் தேக்கம், கிலாவெயா, தோபா

முன்னுரை

உச்சி குழிந்த ஒரு மலையைக் காண்பவர் எவருக்கும் முதலில் தோன்றும் விளக்கம், அம்மலையின் தலை வெடித்துச் சிதறியது என்பதே. எரிமலை என்றதும் வெடிப்பே நினைவுக்கு வருவதால் இவ்விளக்கம் இயல்பானதாகவும் போதுமானதாகவும் தோன்றுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிலவியலாளர் பலரும் அவ்வாறே கருதினர். ஆயினும் பெரிய எரிமலைக் குழிவுகளுள் பெரும்பாலானவை வெடித்து வெளியே வீசப்பட்டதால் உண்டானவை அல்ல. உள்ளே இடிந்து விழுந்ததால் உண்டானவை. மலையின் உச்சி சிதறிப் போகவில்லை. தான் நின்ற இடத்திலேயே நிலத்துக்குள் இறங்கிவிட்டது.

இம்முடிவுக்கு நிலவியல் வந்துசேர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. சிதறிய துகள்களைப் பிரித்து எண்ணுதல், அரிக்கப்பட்ட பழைய எரிமலைகளின் வேர்ப்பகுதியை ஆராய்தல், மணற்பெட்டியில் மாதிரி செய்து பார்த்தல், இறுதியாகக் கண்ணெதிரே ஓர் உச்சி இறங்குவதைக் கருவிகளால் அளத்தல் எனப் பல வழிகளில் சான்றுகள் திரண்டன.

சொல்லும் பொருளும்

‘கால்டெரா’ என்னும் ஸ்பானியச் சொல்லுக்குக் கொதிக்கவைக்கும் பெரிய பாத்திரம் என்பது பொருள். கானரித் தீவுகளுள் ஒன்றான லா பால்மாவில் தபூரியெந்தே என்னும் பெருங்குழிவை அவ்வூர் மக்கள் இச்சொல்லால் அழைத்தனர். 1815ஆம் ஆண்டு அங்குச் சென்ற ஜெர்மானிய நிலவியலாளர் லியோபோல்ட் ஃபொன் புக் எழுதிய நூலின் வழியாக அச்சொல் அறிவியலுக்குள் வந்தது. கிடையாகப் படிந்த எரிமலைப் பாறைகளைக் கீழிருந்து வந்த விசை மேல்நோக்கிப் புடைக்கச் செய்ய, நடுப்பகுதி வெடித்துப் பிளந்து குழிவானது என்பது அவர் கொள்கை. சார்ல்ஸ் லயல் 1854இல் அதே தீவை நேரில் ஆராய்ந்து அக்கொள்கையை மறுத்தார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கால்டெரா என்னும் கலைச்சொல்லுக்குப் பெயர் தந்த அந்தத் தபூரியெந்தேக் குழிவு, இன்றைய வரையறைப்படி கால்டெராவே அன்று. மலையின் ஒரு பக்கம் சரிந்ததாலும் பின்னர் ஆறுகள் அரித்ததாலும் அது உருவானது எனத் தற்கால ஆய்வுகள் நிறுவியுள்ளன.

தமிழில் ‘எரிமலைவாய்’ என்னும் சொல் நன்கு அமைந்த ஒன்று. உள்ளிருப்பது வெளிவரும் வழி என்னும் பொருளை அது நேரே உணர்த்துகிறது. கால்டெராவைப் ‘பெருவாய்’ என ஆக்கினால், அது பெரியதொரு எரிமலைவாய் மட்டுமே என்ற எண்ணம் ஏற்படும். ஒன்று சிறியது, மற்றொன்று பெரியது என்னும் அளவு வேறுபாடு மட்டும் எஞ்சி, பிறப்பின் வேறுபாடு நழுவிவிடும். ஆங்கிலத்திலும் இக்குழப்பம் இல்லாமல் இல்லை: அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்திலுள்ள கிரேட்டர் ஏரி, பெயரில் எரிமலைவாயாகவும் உண்மையில் கால்டெராவாகவும் இருக்கிறது.

ஆகவே இக்கட்டுரை ‘எரிமலைக் கொப்பரை’ என்னும் சொல்லைக் கையாள்கிறது. கரும்புச் சாறு காய்ச்சும் அகன்ற பாத்திரமும், திருவண்ணாமலை உச்சியில் கார்த்திகைத் தீபம் ஏற்றும் பெருங்கலமும் கொப்பரை என்றே வழங்கப்படுகின்றன. ஸ்பானிய மூலச்சொல்லின் பொருளும் இதுவே. கொப்பரைத் தேங்காயோடு மயங்க வாய்ப்புண்டு என்று கூறப்படலாம். ‘எரிமலை’ என்னும் அடைமொழி அம்மயக்கத்தை நீக்கிவிடும்.

எரிமலைவாய் உருவாகும் முறை

நிலத்தடியில் உருகிய நிலையிலுள்ள பாறைக்குழம்பில் நீரும் கரியமில வாயுவும் கந்தக வாயுக்களும் கரைந்திருக்கின்றன. ஆழத்தில் நிலவும் பேரழுத்தமே அவற்றைக் கரைந்த நிலையில் வைத்திருக்கிறது. குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது. வாயுக்கள் குமிழிகளாகப் பிரிகின்றன. குமிழிகள் பெருகிக் குழம்பின் கன அளவில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டும்போது, குமிழிகளைக் கொண்ட திரவம் என்ற நிலை மாறி, திரவத் துணுக்குகளைச் சுமந்து விரையும் வாயு என்ற நிலை ஏற்படுகிறது. இதுவே வெடிப்பு. குழம்பு இளகியதாக இருந்தால் வாயு எளிதில் பிரிந்து சிறு நீரூற்றுப்போல லாவா பீறிடும். சிலிக்கா மிகுந்து பிசுபிசுப்பாக இருந்தால் வாயு சிறைப்பட்டுக் கடும் வெடிப்பாக முடியும்.

வெடித்து வீசப்பட்ட கற்களும் சாம்பலும் வாயைச் சுற்றி விழுந்து வளையக் கரையாகக் குவிகின்றன. எனவே எரிமலைவாய் என்பது தோண்டப்பட்ட பள்ளமாக இருப்பதைவிட, சுற்றிலும் கரை எழுப்பப்பட்டதால் நடுவில் விடுபட்ட இடமாக இருப்பதே மிகுதி. மெக்சிக்கோவின் பரிகுத்தீன் இதற்குத் தெளிவான சான்று. 1943 பிப்ரவரி 20 அன்று ஒரு மக்காச்சோள வயலில் தோன்றிய பிளவிலிருந்து அது வளரத் தொடங்கியது. 1952இல் ஓய்ந்தபோது 424 மீட்டர் உயரக் கூம்பாக நின்றது. அதன் வாய் எந்நிலையிலும் பழைய வயலின் மட்டத்திற்குக் கீழே அகழப்பட்டதன்று; கூம்பு உயர உயர, அதன் நுனியில் வாயும் உயர்ந்துகொண்டே சென்றது. இத்தகைய வாய்களின் விட்டம் பொதுவாக ஒரு கிலோமீட்டருக்கு உட்பட்டதே. வெளியேற்றும் குழாயின் குறுக்களவும், கரை சரிந்து விழாமல் நிற்கும் கோணமும் அந்த எல்லையை விதிக்கின்றன.

நிலத்தை உண்மையிலேயே அகழும் வெடிப்பும் உண்டு. ஏறிவரும் பாறைக்குழம்பு நிலத்தடி நீரைச் சந்தித்தால் நீர் நொடிப்பொழுதில் ஆவியாகிறது. சாதாரண வளியழுத்தத்தில் நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 1,600 மடங்கு விரிவடையும்; இவ்விரிவு சுற்றியுள்ள பாறையை உடைத்து எறிந்து, நிலமட்டத்துக்குக் கீழே இறங்கும் குழியை உண்டாக்குகிறது. இவ்வகைக் குழிகள் ஜெர்மனியின் ஐஃபெல் வட்டார வழக்கைப் பின்பற்றி ‘மார்’ எனப்படுகின்றன. அலாஸ்காவில் 1977 மார்ச் இறுதியில் தொடங்கிய வெடிப்பு பத்தே நாட்களில் உக்கின்ரெக் என்னுமிடத்தில் இரண்டு மார்களை உருவாக்கியது. பெரியதன் விட்டம் ஏறத்தாழ 300 மீட்டர். மார்களைச் சுற்றிக் கிடக்கும் பொருளில் பழைய பாறையின் உடைசல்கள் மிகுந்திருக்கும். இக்குறிப்பு அடுத்த பகுதிக்கு இன்றியமையாதது.

வட்டக் குழிவு, சுற்றிலும் கரை, அடியில் எரிமலைப் பாறை என மூன்றும் ஒருங்கே இருந்தாலும் அது எரிமலைவாய் ஆகிவிடாது என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. மகாராட்டிரத்தின் லோனார் ஏரி, தக்காண எரிமலைப் பாறையில் 1.8 கிலோமீட்டர் விட்டத்தில் அமைந்துள்ளது. நெடுங்காலம் அது எரிமலைக் குழிவாகவே எண்ணப்பட்டது. விண்கல் மோதலின் அதிர்ச்சி அழுத்தத்தால் மட்டுமே உண்டாகும் கனிம மாற்றங்கள் அங்குள்ள பாறைகளில் இருப்பதை 1973இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டிய பின்னரே அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. வடிவம் ஒத்திருப்பது கொண்டு பிறப்பை முடிவு செய்தல் இத்துறையில் அடிக்கடி நேரும் பிழை.

மலையின் உச்சி எங்கே போயிற்று?

1883 ஆகஸ்ட் 26, 27 ஆகிய நாட்களில் சுந்தா நீரிணையில் கிராக்கட்டோவா வெடித்தது. 36,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆழிப்பேரலைக்கு இரையானவர்கள். தீவின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது. ரக்காத்தா மலை நெடுக்காக வெட்டப்பட்டதுபோல் பாதி மட்டும் எஞ்சியது. தீவு இருந்த இடத்தில் கடல் இருநூறு மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் கொண்டதாயிற்று. தீவு வெடித்துத் தூளாகிவிட்டது என்பதே அன்றைய பொதுக் கருத்து.

டச்சு அரசால் ஆய்வுக்கு அனுப்பப்பட்ட சுரங்கப் பொறியாளர் ஃபெர்பேக், அதே ஆண்டு அக்டோபரில் அங்குச் சென்று எளிய ஒரு கேள்வியைக் கேட்டார். தீவு தூளாகியிருந்தால் அந்தத் தூள் எங்கே? சுற்றுத் தீவுகளில் பல மீட்டர் தடிப்பில் கிடந்த படிவை அவர் ஆராய்ந்தபோது, அது பெரும்பாலும் புதிய பாறைக்குழம்பு நுரைத்து உறைந்த நுரைக்கல்லாகவே இருந்தது. பழைய மலையை ஆக்கியிருந்த கரும்பாறையின் துண்டுகள் மிகச் சிறு பங்கே. மறைந்த மலையின் கன அளவுக்கும் கிடைத்த உடைசலின் கன அளவுக்கும் பொருத்தமே இல்லை. ஆகவே மலை வெளியே போகவில்லை. நுரைக்கல்லாக வெளியேறிய குழம்பு விட்டுச்சென்ற வெற்றிடத்துக்குள் விழுந்துவிட்டது என அவர் முடிவு செய்தார். கட்டுரையாளரின் கருத்தில், இத்துறையின் மிக முக்கியமான சான்று இந்தக் கணக்கே. கருவி எதுவும் தேவைப்படாத, படிவுகளைக் கையால் எடுத்துப் பிரித்துப் பார்ப்பதால் மட்டுமே கிடைத்த சான்று அது.

கிரேட்டர் ஏரியிலும் இதே கணக்கு பொருந்தியது. ஏறத்தாழ 7,700 ஆண்டுகளுக்கு முன்பு மசாமா மலை வெடித்து, சுமார் 50 கன கிலோமீட்டர் பாறைக்குழம்பை வெளியேற்றியது. உச்சி இருந்த இடத்தில் இன்று 594 மீட்டர் ஆழமுள்ள ஏரி இருக்கிறது. சுற்றுப்புறத்தில் நுரைக்கல் மிகுதி; பழைய மலைப்பாறையின் உடைசல் குறைவு. டில்லர் 1902இல் இதனை எடுத்துக்காட்டினார். ஹவல் வில்லியம்ஸ் 1941இல் உலகெங்குமுள்ள கொப்பரைகளை ஒப்பிட்டு எழுதிய ஆய்வுக்குப் பின், வெடித்துச் சிதறியது என்னும் விளக்கம் பெரும் குழிவுகளைப் பொறுத்தமட்டில் செல்வாக்கிழந்தது.

ஐயத்துக்கு இடமின்றி இதனைக் காட்டுவது அலாஸ்காவின் கட்மாய். 1912 ஜூன் மாதம் மூன்று நாட்களில் ஏறத்தாழ 13 கன கிலோமீட்டர் பாறைக்குழம்பு அங்கு வெளிப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்பு அதுவே. பின்னர் அங்குச் சென்ற ஆய்வாளர்கள் கட்மாய் மலையின் உச்சி குழிந்திருப்பதைக் கண்டு, வெடிப்பு அங்கிருந்தே வந்தது என எழுதினர். 1950களில் கார்னிஸ் கர்ட்டிஸ் சாம்பல் படிவின் தடிப்பை இடந்தோறும் அளந்து பார்த்தபோது, தடிப்பு கட்மாயை நோக்கி மிகவில்லை. அதற்கு மேற்கே 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நோவரூப்தா என்னும் சிறிய வாயை நோக்கியே மிகுந்தது. வெடித்தது ஓரிடம், இடிந்தது வேறோர் இடம். கட்மாயின் அடியிலிருந்த குழம்பு நிலத்தடிப் பாதை வழியே பக்கவாட்டில் வடிந்து நோவரூப்தாவில் வெளியேற, தாங்கலை இழந்த கட்மாயின் உச்சி கீழிறங்கியது.

கூரை இடியும் இயக்கம்

நிலத்தடியில் சில கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குழம்புத் தேக்கம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதன் மேலுள்ள பாறைத் தொகுதியே கூரை. தேக்கத்திலுள்ள குழம்பின் அழுத்தம் கூரையின் எடையைத் தாங்கி நிற்கிறது. வெளியேற்றம் தொடங்கும்போது தேக்கத்தின் அழுத்தம் மிகுந்திருக்கும். ஆகவே முதற்கட்டத்தில் கூரை அசைவதில்லை. வெளியேற்றம் நீள நீள அழுத்தம் சரிந்து, ஒரு கட்டத்தில் கூரையின் எடையில் ஒரு பகுதியைச் சுற்றுப்பாறையின் பிடிப்பு மட்டுமே தாங்க வேண்டியதாகிறது. அப்பிடிப்பின் வலிமையை எடை விஞ்சும்போது, கூரையைச் சுற்றி வளையமாகப் பிளவு ஏற்பட்டு நடுத்தொகுதி இறங்குகிறது. இதுவே வளையப் பிளவு.

இங்குக் கூரையின் தடிப்புக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் முடிவான பங்கு வகிக்கிறது. அகன்று மெலிந்த கூரை, குறைந்த அழுத்தச் சரிவிலேயே இறங்கிவிடும். குறுகித் தடித்த கூரை, தேக்கத்தின் பெரும்பகுதி வடிந்த பின்னரே இறங்கும். சிலபோது இறங்காமலும் போகும். எல்லா வெடிப்பும் கொப்பரையில் முடியாததற்கு இதுவே காரணம். மணலையும் அதற்கடியில் சிலிக்கோன் குழைவையும் பெட்டியில் நிரப்பி, குழைவை மெல்ல வடித்து ஆய்வுக்கூடங்களில் இதனைச் சோதித்துள்ளனர். முதலில் தோன்றும் பிளவு, ஆழம் செல்லச் செல்ல வெளிப்புறமாகச் சாய்கிறது. அதாவது மேலே குறுகியும் கீழே அகன்றும் உள்ள அடைப்பு ஒன்று இறங்குகிறது. அப்போது அதன் மேல்விளிம்புக்கு வெளியேயுள்ள பகுதி தொங்கலாக நிற்க முடியாமல், உட்சாய்வான இரண்டாவது பிளவு வளையத்தின் வழியே சரிகிறது. எனவே கண்ணுக்குத் தெரியும் கொப்பரை விளிம்பு, உண்மையில் இறங்கிய தொகுதியைவிடப் பெரிதாக இருக்கும்.

பரிமாணத்தை உணர எளிய கணக்கு ஒன்று போதும். இறங்கும் கூரை 6 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டம் எனக் கொண்டால், பரப்பு சுமார் 28 சதுர கிலோமீட்டர். 50 கன கிலோமீட்டர் குழம்பு வெளியேறினால் கூரை ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் இறங்க வேண்டும். எஞ்சிய குழம்பு அழுத்தம் குறைந்து விரிவதாலும், இடிந்த பாறை இடைவெளிகளுடன் குவிவதாலும் உண்மை எண் இதனினும் குறையும். ஆயினும் அளவின் வரிசை இதுவே.

இறங்கும் கூரை ஒரே உருளையாகத்தான் இறங்க வேண்டும் என்பதில்லை. ஒரு பக்கம் கீலில் தங்கி, கிணற்றுமூடிபோல் மறுபக்கம் மட்டும் தாழ்வதுண்டு. பல துண்டுகளாக உடைந்து இறங்குவதும் உண்டு. பிளவே இன்றித் தொய்வதும் உண்டு.

இவையெல்லாம் நிலத்துக்குள் மறைந்து நடப்பவை. ஆனால் அரிப்பு ஓரிடத்தில் அதனைத் திறந்து காட்டியது. ஸ்காட்லாந்தின் கிளென்கோ பள்ளத்தாக்கில், நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட எரிமலையின் மேற்பகுதி முற்றிலும் அரிக்கப்பட்டு வேர்ப்பகுதி வெளித்தெரிகிறது. லாவாப் படுகைகளைத் தாங்கிய நடுத்தொகுதி, அதைச் சூழ்ந்த வளையப் பிளவு, அப்பிளவின் வழியே மேலேறி உறைந்த பாறை ஆகிய மூன்றையும் கிளஃப், மௌஃப், பெய்லி ஆகிய மூவரும் 1909இல் வரைபடமாக்கி வெளியிட்டனர். கூரை இடிவு என்பது ஊகமாக இருந்த காலத்தில் அதன் அடித்தளத்தையே கண்முன் நிறுத்திய ஆய்வு அது.

இடிவு தொடங்கியபின் வெடிப்பின் போக்கும் மாறுகிறது. இறங்கும் கூரை உந்துதண்டுபோல் தேக்கத்தை அழுத்துவதால், தணிந்துவர வேண்டிய வெளியேற்றம் மீண்டும் பெருகுகிறது. வளையப் பிளவே புதிய வெளியேற்றப் பாதையாகிறது. நுரைக்கல்லும் சாம்பலும் வாயுவும் கலந்த கனல் ஓட்டங்கள் எல்லாத் திசைகளிலும் நிலத்தோடு படர்கின்றன. பெரும் கொப்பரை வெடிப்புகள் இடையில் நின்றுவிடாமல் தம்மைத்தாமே நீட்டித்துக்கொள்வதன் காரணம் இதுதான்.

கண்ணெதிரே இறங்கிய உச்சி: கிலாவெயா, 2018

பிலிப்பைன்ஸின் பினத்துபோ மலை 1991 ஜூன் 15 அன்று வெடித்து, 2.5 கிலோமீட்டர் அகலக் கொப்பரையை உண்டாக்கியபோது புயலும் சாம்பலும் சூழ்ந்திருந்தன. இடிவை நேரில் கண்டவர் இல்லை. ஹவாயின் கிலாவெயாவில் நிலைமை வேறு. நூறாண்டுக்கும் மேலாகக் கண்காணிக்கப்பட்டுவரும் மலை அது.

2018 மே மாதத் தொடக்கத்தில் உச்சியிலுள்ள ஹலெமாஉமாஉ குழியின் லாவா ஏரி வடியத் தொடங்கியது. பாறைக்குழம்பு நிலத்தடியில் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்று, மக்கள் குடியிருப்புகளுக்கு நடுவே பிளவுகளாக வெளிவந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அதே வேளையில் உச்சியின் தரை படிப்படியாக இறங்கியது. ஆகஸ்ட் தொடக்கம் வரை 62 இடிவு நிகழ்வுகள் பதிவாயின. ஒவ்வொன்றும் 5 அளவையொட்டிய நிலநடுக்கத்துக்கு நிகரான ஆற்றலை வெளியிட்டது. ஒவ்வொன்றுக்கும் முன் சிறு நடுக்கங்கள் மணிக்கணக்கில் பெருகும். இடிவு நேர்ந்ததும் திடீரென அமைதி. பின் மீண்டும் பெருக்கம். ஒன்று அல்லது இரண்டு நாட்களுக்கொரு முறை என்ற ஒழுங்கில் இது தொடர்ந்தது. முடிவில் குழியின் அடித்தளம் 500 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. உச்சியில் இழக்கப்பட்ட கன அளவு ஏறத்தாழ 0.8 கன கிலோமீட்டர்.

ஒவ்வோர் இடிவுக்கும் பின்னர் 40 கிலோமீட்டர் தொலைவிலிருந்த பிளவில் லாவாவின் பாய்ச்சல் கூடியது. உந்துதண்டு என்று முன்பு கூறியது உவமையாக மட்டும் நிற்கவில்லை. உச்சியில் கூரை கொடுத்த அழுத்தம் நிலத்தடிக் குழாய் வழியே மறுமுனைக்குச் சென்றதைக் கருவிகள் அளந்தன. உச்சியில் பெருவெடிப்பு எதுவும் நிகழவில்லை என்பதும் நோக்கத்தக்கது. சாம்பல் முகில்கள் எழுந்தன. ஆனால் குழி ஆழமானது வீசி எறியப்பட்டதால் அன்று.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் ஐஸ்லாந்தின் பார்தர்புங்காவில் பனிப்பாறைக்கடியிலுள்ள கொப்பரை, 2014 ஆகஸ்ட் முதல் 2015 பிப்ரவரி வரை மெல்ல மெல்ல 65 மீட்டர் தாழ்ந்தது. அங்கும் லாவா வெளிவந்த இடம் நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால். கட்மாயில் படிவுகளைக் கொண்டு ஊகிக்கப்பட்ட பக்கவாட்டு வடிதல், இவ்விரு நிகழ்வுகளிலும் நேரடியாக அளக்கப்பட்டது.

கிலாவெயாவின் சரிவுகளில் வேறொரு வகைச் சிறு குழிகளும் வரிசையாக உள்ளன. செங்குத்துச் சுவர், தட்டைத் தரை, விளிம்பில் வீசப்பட்ட பொருள் எதுவுமின்மை ஆகியவை அவற்றின் அடையாளம். நிலத்தடிப் பிளவில் ஓடிய குழம்பு விலகியதும் மேற்பகுதி உட்சரிந்து அவை உண்டாயின. இவற்றை ‘இடிகுழி’ எனலாம். கொப்பரையின் இயக்கமே சிற்றளவில் இங்கும் நிகழ்கிறது.

பக்கவாட்டில் இடிதல்

இடிவு என்றால் கீழ்நோக்கியதாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதில்லை. 1980 மே 18 அன்று அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலையின் வடபக்கம் முழுவதும் சரிந்தது. ஏறத்தாழ 2.5 கன கிலோமீட்டர் பாறை பள்ளத்தாக்கில் ஓடியது. மலையின் உயரம் 2,950 மீட்டரிலிருந்து 2,549 மீட்டராகக் குறைந்தது. எஞ்சிய குழிவு குதிரை லாட வடிவில் ஒரு பக்கம் திறந்திருக்கிறது. இவ்வகையில் பழைய மலைப்பாறை வெளியே, சரிவின் அடியில், மேடுபள்ளமான குவியலாகக் கிடக்கும். தபூரியெந்தே இவ்வினத்தைச் சேர்ந்ததே. கிராக்கட்டோவாக் கொப்பரையின் விளிம்பில் 1927 முதல் வளர்ந்த அனக் கிராக்கட்டோவாவின் தென்மேற்குப் பக்கம் 2018 டிசம்பர் 22 அன்று கடலுக்குள் சரிந்து எழுப்பிய அலையில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இடிவுக்குப் பின்

கொப்பரை உருவானதோடு கதை முடிவதில்லை. சுவர்கள் சரிந்து விளிம்பு அகல்கிறது. மழைநீர் தேங்கி ஏரியாகிறது. தரையில் புதிய சிறு கூம்புகள் முளைக்கின்றன. அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவில், கடலை நோக்கி மேற்கே திறந்த ஏறத்தாழ 2 கிலோமீட்டர் அகலக் கொப்பரைக்குள் இன்று புகையும் கூம்பு நிற்கிறது. இந்தியாவின் ஒரே செயல்படும் எரிமலை அது. 1991 முதல் மீண்டும் இயங்கிவருகிறது.

பெரிய கொப்பரைகளில், இறங்கிய தரையே மீண்டும் மேலெழுவதுண்டு. எஞ்சிய குழம்பும் புதிதாக வந்து சேரும் குழம்பும் தரையைக் கீழிருந்து உயர்த்துகின்றன. நியூ மெக்சிக்கோவின் வாலிஸ் கொப்பரையை ஆராய்ந்த ஸ்மித், பெய்லி ஆகிய இருவரும் 1968இல் இவ்வெழுச்சியை ஒரு சுழற்சியின் கட்டமாக வரையறுத்தனர். இதன் மிகப் பெரிய எடுத்துக்காட்டு சுமத்திராவின் தோபா. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த வெடிப்பில் உருவான அக்கொப்பரை 100 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. அதன் நடுவிலுள்ள சமோசிர் தீவின் மேட்டில், ஏரியின் அடியில் மட்டுமே படியக்கூடிய மென்படிவுகள் இன்றைய நீர்மட்டத்துக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்தில் காணப்படுகின்றன. ஏரித்தரை மலையானதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அவ்வெடிப்பின் சாம்பல் வங்கக் கடலின் அடித்தரையிலும், மத்தியப் பிரதேசத்தின் சோன் ஆற்றுப் படுகையிலும், ஆந்திரத்தின் ஜுவாலாபுரத்திலும் படிந்துள்ளது. ஜுவாலாபுரத்தில் அச்சாம்பற்படுகையின் கீழும் மேலும் கற்கருவிகள் கிடைத்துள்ளன. தென்னிந்தியத் தொல்லியலுக்குக் கால அளவுகோலாகப் பயன்படும் அந்த வெண்சாம்பல், சுமத்திராவில் கூரை இறங்கியபோது வளையப் பிளவுகளின் வழியே பிதுக்கப்பட்ட குழம்பே.

கொப்பரைக்குள் ஊர்கள்

எரிமலைவாயைக் கண்டு மக்கள் அஞ்சுவர். ஏனெனில் அது மலையின் உச்சியில் புகையுடன் நிற்கிறது. கொப்பரையோ பெரும்பாலும் வளமான சமவெளியாகவும் ஏரியாகவும் வளைகுடாவாகவும் தோன்றுவதால், அதற்குள் குடியிருப்போர் தாம் ஓர் எரிமலைக்குள் வாழ்வதாக உணர்வதில்லை. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கேயுள்ள கம்பி ஃபிளெக்ரெய் அத்தகையது. ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன்னும் 15,000 ஆண்டுகளுக்கு முன்னும் நிகழ்ந்த பெருவெடிப்புகளால் அது உருவானது. அதன் ஒரு பாதி இன்று கடலடியில் உள்ளது. இலட்சக்கணக்கானோர் அதற்குள் வாழ்கின்றனர்.

அங்குள்ள பொட்சுவோலி நகரில் உரோமர் காலச் சந்தைக் கட்டடம் ஒன்றின் மூன்று சலவைக்கல் தூண்கள் நிற்கின்றன. கடல்வாழ் சிப்பிகள் துளைத்த வடுக்கள் அத்தூண்களில் ஆளுயரத்துக்கும் மேலே காணப்படுகின்றன. தரை கடலுக்கடியில் தாழ்ந்து மீண்டும் உயர்ந்திருக்கிறது, தூண்கள் விழவில்லை. லயல் 1830இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலின் முகப்புப் படமாக இத்தூண்களையே அமைத்தார். 1538இல் தரை உயர்ந்து சில நாட்களில் மொந்தே நுவோவோ என்னும் புதிய குன்று வெடித்தெழுந்தது. 1982 முதல் 1984 வரை பொட்சுவோலியின் தரை 1.8 மீட்டர் உயர்ந்தது. நகரின் பழைய பகுதியிலிருந்து சுமார் 40,000 பேர் வெளியேற்றப்பட்டனர். ஆனால் வெடிப்பு நிகழவில்லை. உயர்ந்த தரை பின்னர் மெல்லத் தாழ்ந்தது. 2005 முதல் மீண்டும் உயர்ந்துவருகிறது. 2024 மே 20 அன்று 4.4 அளவிலான நிலநடுக்கம் அங்குப் பதிவாயிற்று.

ஒரு மலைக்கூம்பில் குழம்பு ஏறினால் வெளிப்படும் இடத்தை ஓரளவு முன்னரே கூறலாம். வாய் இருக்கும் இடம் தெரியும். கொப்பரையில் அவ்வாறு ஒரு வாய் இல்லை. வளையப் பிளவின் எப்பகுதியும், தரையின் எந்த நலிந்த இடமும் வழியாகலாம். மேலும் தரை உயர்வதன் காரணம் பாறைக்குழம்பா, சூடேறிய நிலத்தடி நீரும் வாயுவுமா என்பதை மேற்பரப்பு அளவைகளை மட்டும் கொண்டு பிரித்தறிவது கடினம். இவ்விரண்டுள் எது என்பதைப் பொறுத்தே வெளியேற்ற ஆணை பிறப்பிக்கப்பட வேண்டும். 1983இல் பொட்சுவோலி மக்களை வெளியேற்றிய அதிகாரிகளின் முன்னிருந்த கேள்வியும் இதுவே. இன்று அதே கரையில் நில உயர்வை நாள்தோறும் அளந்துவரும் ஆய்வாளர்களின் முன்னிருப்பதும் இதுவே.